துரையின் கிளட்ச்

இருபத்தாறு வருஷத்தில் இவர் என்னிடம் இவ்வளவு தெளிவாக எதையும் கேட்டதே இல்லை. அமுக்கு. விடு. அமுக்கு. அப்படியே பிடிச்சுக்கோ. இப்படிக் கத்தரித்தாற்போலப் பேசத் தெரிந்த மனிதர், கல்யாணமான புதிதில் ஒரு சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்க ஏன் மூன்று நாள் மென்று விழுங்கினார்?

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. அவளுடைய கணவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும்தான்; அவையும் துவைத்த காலுறைக்குள் ஒழுங்காக ஜோடி சேர்ந்து நின்றன. நூலகத்தில் வேலை பார்ப்பவர். கார் ரிப்பேருக்குக்கூட இஸ்திரி போட்ட சட்டையோடு படுப்பவர்.

“அமுக்கு!”

அமுக்கினாள்.

“விடு!”

விட்டாள்.

“மெதுவா விடும்மா. ஓடுற பஸ்ஸிலேர்ந்து குதிக்கிற மாதிரி விடாத.”

அவள் ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் கிளட்ச் பெடல்மேல் வைத்திருந்தாள். மற்ற உறுப்புகளுக்கு வேலை இல்லை. தலைக்குச் சுத்தமாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், அது அவளுக்குப் பிடித்திருந்தது. காலையெல்லாம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, டாக்டர் எப்போ வருவார், சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்கு, நான் ஏன் இன்னும் காத்திருக்கிறேன் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவள் அவள். இங்கே அவள் வெறும் கால். காலை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கார், அறுபது வயதான இங்கிலீஷ் கார். பச்சை நிறம். இரண்டு பேர் உட்காரலாம், இருவரில் ஒருவர் ஒல்லியாக இருந்தால். வீட்டில் அதற்குத் துரை என்று பெயர். மழை பெய்தால் துரை புறப்பட மாட்டார். வெயில் அடித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். யாராவது பாராட்டினால் மட்டும் இரண்டு தெரு ஜம்மென்று போய், மூன்றாவது தெருவில் நின்றுவிடுவார். “இன்னைக்குத் துரைக்கு மனசு சரியில்ல” என்று கணவர் சொன்னால், அன்றைக்கு நடந்துதான் போக வேண்டும் என்று அர்த்தம்.

இப்போது துரைக்கு வந்திருப்பது மனக்குறை அல்ல, கிளட்ச் கோளாறு. எஞ்சினும் கியரும் எப்போதும் கைகோத்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் பெடலை அமுக்கினால் கையை விட வேண்டும், அப்போதுதான் கியர் மாற்ற முடியும். துரை கையை விட மறுத்தார். ரிவர்ஸ் கியர் போட்டால் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடித்தார். பத்து நாளாக இந்தக் கூத்து. அடுத்த மாதம் பழைய கார்களின் ஊர்வலம். அதற்குள் துரை குணமாக வேண்டும்.

இதில் அவளுக்கும் ஒரு வழக்கு இருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பெடலிலிருந்து எண்ணெய் போகும் குழாயிலோ, அந்த எண்ணெய் தள்ளுகிற சின்னக் கம்பியிலோ இருந்தால், அடியில் படுத்தபடி அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். கிளட்ச்சுக்கு உள்ளேயே இருந்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். வேறு வழி வைக்காமல் கட்டியிருந்தார்கள், அந்தக் காலத்து மகானுபாவர்கள். எடுத்த எஞ்சினை எங்கே வைப்பது? கார் ஷெட்டில் கார் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மனிதர் பக்கவாட்டில் நடக்கலாம், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால். ஆகவே, ஷெட்டை ஒட்டியிருந்த பின்னறை.

பின்னறை அவளுடையது.

“பன்னெண்டரை மில்லிமீட்டர்!” என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கம்பி எவ்வளவு நகர்கிறது என்று இரும்பு ஸ்கேலால் அளந்திருந்தார். “புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ, அச்சு அசலா அதே!”

“அப்ப சரியாயிடுச்சா?”

“ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். இரு, எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு வரேன்.”

எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காமல் அடுத்த வேலைக்குப் போனால் அவருக்கு நெஞ்சை அடைக்கும். ஸ்பேனர்கள் எண் வரிசைப்படி பெட்டிக்குப் போயின. டார்ச் ஆணிக்குப் போயிற்று. கடைசியாக, செய்தித்தாள்மேல் சுருட்டி வைத்திருந்த தரைவிரிப்பைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். ஊர்வலத்துக்காக அவரே வாங்கி, அளந்து, வெட்டி, ஓரம் தைத்த சிவப்பு விரிப்பு. அடியில் விரல் கனத்துக்கு ஒரு மெத்தை வேறு. எண்ணெய் படக்கூடிய வேலை என்றால் முதலில் அதைக் கழற்றுவார். கார் ஒரு அங்குலம் நகர்வதற்கு முன் மாட்டிவிடுவார். டிக், டிக், டிக், டிக். நான்கு பட்டன்.

“செருப்பைக் கழட்டிடு.”

கழற்றினாள். வெறும் தகரத்தில் கால் கிழிந்துவிடும் என்று செருப்பு போடச் சொல்வதும் அவர்தான், விரிப்பு அழுக்காகும் என்று கழற்றச் சொல்வதும் அவர்தான்.

“ஸ்டார்ட் பண்ணு. கிளட்ச்சை அமுக்கு. ரிவர்ஸ் போடு.”

கர்ர்ர்ர்.

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். “வெளியில எல்லாம் சரியா இருக்கு. அப்ப வியாதி உள்ளதான்.”

திறந்த கண்கள் நேரே பின்னறைக் கதவுக்குப் போயின. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது அபிப்பிராயம் கேட்கப்பட்டது. வந்தவர் அவளுடைய அண்ணன். பல் டாக்டர். காருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

“சத்தம்தான் மாப்பிள்ளை, சத்தம்தான் எல்லாம். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எந்தப் பல்லுன்னு சொல்லிடுவேன்.”

“துரைக்கு வாய் இல்லையே மச்சான்.”

“பானெட்டைத் திறங்க, அதுதான் வாய்.”

நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு அண்ணன் தியானத்தில் ஆழ்ந்தார். விரிப்பு கழற்றப்பட்டது. அவள் செருப்போடு உட்கார்ந்தாள். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. காலையிலிருந்து இது நாற்பதாவது தடவையா, ஐம்பதாவதா என்ற கணக்கு தவறிப்போனது. தன் தொடையில் மட்டும் தனியாகச் சதை வைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“பேரிங்,” என்றார் அண்ணன், ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு. “வேர் வரைக்கும் போயிடுச்சு. பிடுங்கிறதைத் தவிர வழியில்ல.”

“உனக்கு எதுதான் பிடுங்காம சரியாச்சு அண்ணா?” என்றாள் அவள்.

“நீ காலை மட்டும் பாரு. வாயை நான் பார்த்துக்கிறேன்.” அவளை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஏறி உட்கார்ந்தார். “இப்ப நான் ரிவர்ஸ் போடறேன், சத்தத்தை நல்லாக் கவனிங்க.”

போட்டார். சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் கியர் விழுந்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கை ராசி,” என்றார் அண்ணன் அடக்கமாக. “என்கிட்ட வர்ற பேஷன்டும் இப்படித்தான். நாற்காலியில உக்காந்ததும் வலி போயிடும்.”

கணவருக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார். எதிர்வீட்டுக்காரர் பார்க்கும்போது துரை அரைகுறையாக நிற்கலாமா? விரிப்பு மாட்டப்பட்டது. டிக், டிக், டிக், டிக். எதிர்வீட்டுக்காரர் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கர்ர்ர்ர்.

“நடிக்கிறார்,” என்றார் கணவர் துரையைப் பார்த்து, குரல் உடைந்து. “நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கறார்.”

மூன்றாவது அபிப்பிராயம் செவ்வாய்க்கிழமை வந்தது. பழைய கார் சங்கத்தின் செயலாளர். அவரிடம் மூன்று பழைய கார்கள் இருந்தன, மூன்றும் ஓடாது. ஆகவே ஓடாத காரைப் பற்றி அவரைவிட அறிந்தவர் சங்கத்தில் கிடையாது. அவள் மனத்துக்குள் அவருக்கு மூணுகார் சார் என்று பெயர். துரையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஒரு தட்டுத் தட்டினார். முகர்ந்து பார்த்தார்.

“ஒட்டிக்கிச்சு,” என்றார்.

“எது சார்?”

“பிளேட். ஷெட்டுலயே கிடந்து கிடந்து துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு. என் ரெண்டாவது காருக்கும் இதான். பெடலை அமுக்கிக் கட்டி வச்சிடணும். ரெண்டு நாள்ல தானா விட்டுடும்.”

“உங்க காருக்கு விட்டுச்சா சார்?” என்று கேட்டாள் அவள்.

“அது கட்டி ஏழு வருஷம் ஆகுது மேடம். பொறுமை வேணும்.”

வீட்டின் தரை துடைக்கும் மாப், அதன் நீளத்தின் காரணமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு, மாப்பின் ஒரு முனையைப் பெடலிலும் மறுமுனையை இருக்கையிலும் முட்டுக்கொடுத்தார்கள். இரண்டு நாள் வீடு துடைக்கப்படாமல் கிடந்தது. மூன்றாம் நாள் மாப்பை எடுத்து, அவள் செருப்புக் காலால் அமுக்கி ரிவர்ஸ் போட்டதும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மூணுகார் சார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ குடித்தார்கள். கணவர் விரிப்பை மாட்டினார். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போய்வரலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள்.

கர்ர்ர்ர்.

“மறுபடி ஒட்டிக்கிச்சு,” என்றார் மூணுகார் சார். சாவு வீட்டில் பேசும் குரல். “இனிமே எஞ்சினை இறக்கறதுதான்.”

அன்று சாப்பிட்டு முடித்த தட்டுகளை இருவரும் கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் பேச்சை எடுத்தார். ஒரு தட்டை மூன்று தடவை துடைத்தார். அதிலிருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஞாயித்துக்கிழமை செயின் பிளாக் வருது. எஞ்சினைக் கட்டித் தூக்க. சொல்லிட்டேன்.”

“ம்.”

“மூணே மாசம். அந்தப் பின்னறை… கதவும் நேரா இருக்கு, தரையும் சமமா இருக்கு. நீ அங்க எதுவும்… அங்க நீ என்னம்மா பண்ற, பொதுவா?”

குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் கஷ்டம். தையல் மெஷின் இருந்தால் தைக்கிறேன் என்று சொல்லலாம். படம் வரைகிறேன், பாட்டு கற்றுக்கொள்கிறேன், எதையாவது சொல்லலாம். மகள் வெளியூர்ப் படிப்புக்குப் போன பிறகு, உடைந்த கட்டிலையும் பழைய மின்விசிறியையும் அகற்றிவிட்டு அவள் அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டாள். ஒரு சின்ன மேசை. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள், ஐந்து மணிக்கு வெளியே வருவாள். நடுவில் நடப்பது ஒன்றுமில்லை. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். அதில் ஒரு தண்ணீர்க் குழாய் வளைந்து போகும். சில நாள் அதைப் பார்ப்பாள், சில நாள் அதையும் பார்க்க மாட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகத் தரைக்கு இறங்கி உட்காரும். கலங்கிய தண்ணீர் தெளிவதுபோல. இதை எந்த வார்த்தையில் வைத்து, கையில் தட்டோடு நிற்கிற ஒரு நல்ல மனிதரிடம் கொடுப்பது?

“பார்க்கலாம்,” என்றாள்.

அந்த வீட்டில் அவள் சொல்லும் ‘பார்க்கலாம்’ இருபத்தாறு வருஷமாகச் சரி என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. அவளே பழக்கிவிட்ட பழக்கம். கணவர் நிம்மதியாக அடுத்த தட்டை எடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் நூலகத்துக்குப் போயிருந்தார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பின்னறையை ஒழிக்க ஆரம்பித்தாள். மேசை லேசு. தூக்கிக் கூடத்தில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட் வழியாக வரும்போது வழி போதாமல் அது காருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மணி நாலு. உட்கார அவளுக்கு இருந்த ஒரே நாற்காலி கால்களை விரித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது. இரண்டில் எதையும் தடுக்காமல், செருப்பை வெளியே விட்டுவிட்டு, துரைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கால் தானாகப் பெடலைத் தேடிப் போயிற்று. அமுக்கினாள். பெடல் கீழே போய், மெத்தென்று நின்றது.

மெத்தென்று.

இவ்வளவு நாளும் கால் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காலிடம் யார் கேட்டார்கள்? செருப்போடு அமுக்கியபோதெல்லாம் பெடல் இன்னும் ஆழமாகப் போய், தகரத்துக்குப் பக்கத்தில் ‘ணங்’ என்று நிற்கும். அப்போதெல்லாம் கியர் விழுந்தது. வெறுங்காலோடு அமுக்கியபோதெல்லாம் மெத்தென்று நின்றது. அப்போதெல்லாம் கர்ர்ர். அண்ணன் உட்கார்ந்தபோது விரிப்பு இல்லை. மாப் நின்ற இரண்டு நாளும் விரிப்பு இல்லை. கணவர் காருக்கு அடியில் ஸ்கேலோடு படுத்தபோதும் இல்லை. நோயைத் தேடும்போதெல்லாம் நோயைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தேடி முடித்ததும் பத்திரமாகத் திரும்ப மாட்டியிருக்கிறார். நான்கு பட்டன் போட்டு.

உடனே சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. அண்ணன் துரைக்குள் ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தார். மூணுகார் சார் தன் ரெண்டாவது காரைக் கண்டுபிடித்தார். கணவர் புத்தகத்தின் பக்கங்களைக் கண்டுபிடித்தார். நான் மட்டும் என்ன, என் அறையைக் கண்டுபிடித்திருக்கிறேனா? இது உண்மை என்பதால் தோன்றுகிறதா, எனக்கு வேண்டும் என்பதால் தோன்றுகிறதா? தனக்கு வேண்டியது ஒன்று உண்மையாகவும் இருக்கும் என்பதை நம்ப அவளுக்குப் பழக்கம் போதவில்லை.

ஆகவே எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தாள். விரிப்போடு ரிவர்ஸ்: கர்ர்ர். விரிப்பைக் கழற்றி, மெத்தையையும் எடுத்துவிட்டு ரிவர்ஸ்: சத்தமில்லை. மாட்டி: கர்ர்ர். கழற்றி: சத்தமில்லை. ஆறு தடவை மாட்டி ஆறு தடவை கழற்றினாள். விரலில் பட்டன் பதிந்த வட்டங்கள் சிவந்துவிட்டன. பிறகு எஞ்சினை அணைத்து, சிக்கிய நாற்காலியை ஒரு உதை விட்டாள். அது பின்னறைப் பக்கமாகவே விடுபட்டு விழுந்தது. எடுத்துப்போய் ஜன்னலோரம் போட்டாள். மேசையையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிறு காலை ஷெட் வாசலில் கல்யாணக் கூட்டம். துரையின் பானெட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள். செயின் பிளாக் வந்திருந்தது: மூன்று இரும்புக் கால்கள், நடுவில் கப்பிச் சங்கிலி. அதைக் கொண்டுவந்தவர் இரண்டு ஆள் உயரம்; வந்ததிலிருந்து ஒரே வார்த்தைதான் பேசினார்.

“தூக்கவா?”

“ஒரு நிமிஷம்,” என்றாள் அவள். “கிளட்ச்ல என்னன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு.”

யாரும் திரும்பவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்: “நான் செருப்புப் போட்டு அமுக்கினா கியர் விழுது. கழட்டிட்டு அமுக்கினா விழல.”

இப்போது திரும்பினார்கள்.

“செருப்பா?” என்றார் அண்ணன். “மாப்பிள்ளை, துரைக்கு மரியாதை வேணுமாம். செருப்போட வாங்கன்னு சொல்றார்.”

“எந்தக் கம்பெனி செருப்பு மேடம்?” என்று மூணுகார் சார் அக்கறையாக விசாரித்தார். சங்கத்தில் சொல்ல வேண்டாமா?

“தூக்கவா?”

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அவளுடைய முகம் தெரியும். “உக்காந்து காட்டும்மா,” என்றார்.

காட்டினாள். விரிப்போடு ஒரு தடவை. துரை பல்லைக் கடித்தார். பிறகு குனிந்து நான்கு பட்டனையும் கழற்றி, விரிப்பை உருவி அண்ணன் கையில் கொடுத்தாள். மெத்தையை உருவி மூணுகார் சார் கையில் கொடுத்தாள். பெடலை அமுக்கி ரிவர்ஸ் போட்டாள். சத்தமில்லாமல் விழுந்தது. அத்தோடு நிறுத்தவில்லை. கிளட்ச்சை மெதுவாக விட்டு, துரையை ஷெட்டிலிருந்து பின்னோக்கி எடுத்து, செயின் பிளாக்கின் மூன்று கால்களுக்கு நடுவே வந்து நிறுத்தினாள். செயின் பிளாக்காரர் பாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குதி குதித்தார்.

“பெடல் கீழ போக இடமில்ல,” என்றாள் அவள். “மெத்தை தடுக்குது. அவ்வளவுதான்.”

கணவர் அண்ணனின் கையிலிருந்த சிவப்பு விரிப்பைப் பார்த்தார். அவருடைய முகத்தில் நடந்த பயணத்தை அவள் கூடவே போய்ப் பார்த்தாள்: முதலில் ஒன்றும் புரியாமல், பிறகு எல்லாம் புரிந்து, பிறகு காது நுனிவரை சிவந்து.

“நான்தான் மாட்டினேன்,” என்றார் மெல்ல. “ஒவ்வொரு தடவையும் நான்தான் மாட்டினேன்.”

“நான் அன்னைக்கே சொன்னேனே,” என்றார் அண்ணன். “வேர்லதான் கோளாறுன்னு. இது வேர் இல்லாம என்ன? எல்லாத்துக்கும் அடியிலதானே இருந்துச்சு.”

“ஒட்டிக்கிச்சுன்னு நானும் சொன்னேன்,” என்றார் மூணுகார் சார் மெத்தையைத் தடவியபடி. “எதுல எது ஒட்டிச்சுங்கறதுலதான் சின்ன வித்தியாசம்.”

“தூக்கவா, வேண்டாமா?” என்றார் செயின் பிளாக்காரர். இவ்வளவு நீளமாக அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆண்கள் நாலு பேரும் சங்கிலியைப் பார்த்தார்கள். சங்கிலி வெயிலில் மினுங்கியது. கொக்கி, திறந்திருந்த பானெட்டுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. துரை இவ்வளவு பொருத்தமான இடத்தில் வந்து நிற்பார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை, அவளும்தான்.

“அதான் வந்தது வந்தாச்சே,” என்றார் மூணுகார் சார், சுவரைப் பார்த்து.

“ஒரு தடவை திறந்து பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி,” என்றார் அண்ணன். “வலி இல்லைன்னாலும் எக்ஸ்ரே எடுக்கறது இல்லையா?”

கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றைச் சீட்டுகளை எடுத்தார். எஞ்சினைக் கழற்றினால் வரக்கூடிய ஒவ்வொரு போல்ட்டுக்கும், ஒவ்வொரு நட்டுக்கும், நூலகப் புத்தகத்துக்கு எழுதுவதுபோல் எண் போட்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தார். இருநூற்றுப் பதினான்கு சீட்டு. ஒரு வாரமாக அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சீட்டுகளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காரணம் எதுவும் இல்லை, ஆசை மட்டுமே இருந்தது. துரைக்கு ஒரு நோயும் இல்லை; ஆனாலும் அவரைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து, பெயரெழுதி, பரப்பி வைத்து, திரும்ப வைக்க வேண்டும். எதற்கும் பயன்படாத ஓர் ஆசை. அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. அந்த அறையில் நாலு மணிக்கு அவள் உட்கார்வதும் அந்த ஜாதிதான். அவர்மேல் அவளுக்குப் பொங்கி வந்த பிரியம் அவளையே திடுக்கிட வைத்தது. இந்த நிமிஷம் வேறு எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். தலையணையைக் கேட்டால் கொடுப்பாள். மாப்பை ஏழு வருஷத்துக்குக் கொடுப்பாள்.

“ஊர்வலம்?” என்றாள்.

“அது வருஷா வருஷம் வருதும்மா.” அவர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். “ஒரே மாசம். மூணு மாசம் இல்ல, ஒரே மாசம். எஞ்சினைப் பின்னறையில வச்சுட்டா அப்புறம் யாருக்கும் தொந்தரவே இல்ல. துணி விரிச்சு வைக்கிறேன். எண்ணெய் ஒரு பொட்டு சிந்தாது. சரிதானே?”

“இல்லைங்க.”

அவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. காருக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“நீ அங்க சும்மாதானே உக்காந்திருக்க?”

“ஆமாங்க,” என்றாள் அவள், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தபடி. “சும்மா உக்காரத்தான் அது. எஞ்சினைக் கூடத்துல வைங்க, படுக்கையறையில வைங்க, நான் சுத்திக்கிட்டுப் போறேன். அந்த அறையை மட்டும் நான் தரமாட்டேன்.”